பன்னிரண்டாவது ஆள்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீ நன்றாகப் போடுகிறார்கள். தேங்காய் பன்னும் அன்றன்றைக்குச் சுட்டதாக இருக்கிறது. உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் நான், லட்சுமணசாமி, அவர் மனைவி மூன்று பேரும் அங்கே உட்கார்ந்துதான் சிங்காநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். போன வியாழக்கிழமை நான் மட்டும் வந்தேன். லட்சுமணசாமிக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. சீட்டு எழுதி வாங்க உங்கள் அறை வாசலில் நின்றபோது, உள்ளே ஒரு பெரியவரிடம் நீங்கள் பேசியது காதில் விழுந்தது.

"சொன்ன தேதிக்கு வந்துடணும். சிங்காநல்லூர்ல இருந்து ஒருத்தர் வந்துட்டிருந்தார். லெட்டர் போட்டும் வரலை. பயந்துகிட்டு வீட்டுலயே இருந்துட்டார். இப்ப ரெண்டு கண்ணும் போச்சு."

டாக்டர் என்ற முறையில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் தகவல் தவறு. நான் முப்பத்துமூன்று வருடம் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன். வேலைக்கு வந்த ஆளுக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தால் அதைத் திருத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லட்சுமணசாமி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதே மில்லில் ஃபிட்டர். மில் கிரிக்கெட் அணிக்குப் பதினான்கு வருடம் கேப்டன். இடது கையில் மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். நான் அந்த அணிக்குப் பதினொரு வருடம் ஸ்கோர் எழுதினேன். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1974இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஆட்டம். எங்கள் ஆள் ஒருவர் வரவில்லை. நான் வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டும் போட்டிருந்தேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போட்டுக்கொண்டு போவேன். லட்சுமணசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த கேன்டீன் ஆளைக் கூப்பிட்டு இறக்கினார்.

"நீங்க எறங்கிட்டா ஸ்கோர யாருங்க பாலு எழுதறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். அந்தக் கேன்டீன் ஆள் முதல் பந்திலேயே அவுட் ஆனார். அதையும் நான்தான் எழுதினேன். இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பழக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரசாக்கின் சலூனில் கூடுவோம். முடி வெட்ட வந்தவர்கள், வெட்டி முடித்தும் போகாதவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருப்போம். ஒரே பேச்சுதான். டெஸ்ட் கிரிக்கெட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார். இருபது வருடம் இதையே பேசினோம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பிராட்மேனை இரண்டு பேருமே தனியாக ஒதுக்கி வைத்துவிட்டோம். தொண்ணூற்றொன்பது சராசரி வைத்திருப்பவரைப் பற்றி விவாதம் பண்ண ஒன்றுமில்லை. அவருக்கு அடுத்தவர் யார் என்பதுதான் சண்டை. நான் கவாஸ்கர் என்பேன். பத்தாயிரத்து நூற்று இருபத்திரண்டு ரன், முப்பத்துநான்கு சதம், ஹெல்மெட் இல்லாமல். லட்சுமணசாமி சோபர்ஸ் என்பார்.

"பேட்டிங் ஒரு ஆளு. வேகமா போடறது ஒரு ஆளு. சுழட்டிப் போடறது ரெண்டு ஆளு. கேட்ச் புடிக்கறது ஒரு ஆளு. அஞ்சு ஆளு வேலைய ஒருத்தர் செஞ்சுபோட்டுப் போனாருங்க. எங்க டிபார்ட்மென்ட்ல அப்படியொரு மெஷின் இருந்தா நானெல்லாம் ஊட்டுல தூங்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கோடு போட்டு, செய்தித்தாள் துண்டுகள் ஒட்டி, ஒவ்வொருவருடைய கணக்கும் அதில் வைத்திருந்தார். நான் ஒரு எண்ணைச் சொன்னால் நோட்டைப் பிரித்து, விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். என் எண் பெரும்பாலும் ஒன்றிரண்டு தள்ளியிருக்கும். அப்படியும் நான் விடாமல் பேசினால் கடைசியாக ஒன்று கேட்பார்.

"பாலு, ஒரே ஒருக்கா பந்து உங்க மூஞ்சிக்கு நேரா வந்திருக்குங்களா?"

ரசாக் கத்திரியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். லட்சுமணசாமி எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்குச் சேர்ந்தேதான் நடப்போம். என் மனைவி தெய்வாத்தாள் மருத்துவமனையில் கிடந்த இருபத்திரண்டு நாளும் அவர்தான் மதியம் கேரியரில் சோறு கொண்டுவந்தார். அவள் 1990இல் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மறு வருடம் ஓய்வு பெற்றேன். லட்சுமணசாமிக்குக் கண் மங்க ஆரம்பித்தது அதற்கடுத்த வருடம். சர்க்கரை அவருக்குப் பல வருடமாக இருந்தது. முதலில் இடது கண் போயிற்று. பிறகு வலது கண்ணில் சின்ன எழுத்துகள் தெரியவில்லை. அவர் மனைவி சாந்தாமணி தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் வராது. ஒரே மகள் ஈரோட்டில் இருக்கிறாள், தீபாவளிக்குத்தான் வருவாள். அதனால் தினமும் நான்கு மணிக்கு நான் போய் ஆங்கிலச் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டுவேன். நான் போகும்போதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"வந்துட்டீங்களா பாலு. உங்களத்தான் பாத்துட்டே இருக்கறனுங்க" என்பார்.

என்னை யாரும் அப்படிக் காத்திருந்து கூப்பிட்டதில்லை டாக்டர். தெய்வாத்தாளும் நல்லவள்தான், ஆனால் காத்திருக்கிற குணம் அவளுக்கு இல்லை.

இந்த வருடம் ஜனவரியில் உங்களிடம் முதல்முறை வந்தோம். வலது கண்ணுக்கு லேசர் வைக்க வேண்டும், வரிசை இருக்கிறது, தேதியைக் கடிதத்தில் தெரிவிக்கிறோம் என்றீர்கள். லட்சுமணசாமி அதைக் கேட்டு, பார்வை முழுக்கத் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் அது என்று பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒரு ஆங்கில வாரப் பத்திரிகையில் பழைய ஆட்டக்காரர்கள் ஆறு பேர் கூடி, எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சோபர்ஸ் ஆறாவதாக இறங்குகிறார், அவர்தான் கேப்டன் என்று போட்டிருந்தது. கவாஸ்கர் பெயர் இல்லை. நான் படிக்கும்போது கவாஸ்கரை முதல் ஆளாகப் படித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், வாயில் வந்துவிட்டது என்றுதான் சொல்ல முடியும். கவாஸ்கரைச் சேர்த்ததால் ஒருவரைக் குறைக்க வேண்டியிருந்தது. சோபர்ஸைப் பன்னிரண்டாவது ஆளாக்கினேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பன்னண்டாவது ஆளுங்களா? தண்ணி கொண்டாரதுக்குங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்குதுங்ணா."

"ஆறு பேரும் சேந்து அப்படிச் சொன்னாங்களா?"

"ஒரே மனசாச் சொன்னதாப் போட்டிருக்குதுங்க."

அவர் கையை நாற்காலிப் பிடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று சாந்தாமணி அண்ணி மறுநாள் சொன்னார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ரசாக் கடையில் அவரே எழுந்து எல்லோரிடமும் சொன்னார். "பாலு சொன்னதுதாங்க சரி. பெரிய ஆளுங்களே சொல்லிப்போட்டாங்க. இருவது வருசமா நான் வீண்வம்பு பண்ணிட்டு இருந்திருக்கறன்." ரசாக் எனக்குக் கை கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர்கூட, ஷேவிங் சோப்பு முகத்தோடு, திரும்பி என்னைப் பார்த்தார்.

அது ஒரு நல்ல மாலை. அதை மறுக்க மாட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது லட்சுமணசாமி என் தோளில் கை வைத்திருந்தார். "கண்ணு சரியானதும் மொத வேலையா அந்தப் புத்தகத்த நானே ஒருக்கா படிக்கோணுங்க. என்ன காரணஞ் சொல்லியிருக்காங்கன்னு பாக்கோணும். பத்திரமா வையுங்க" என்றார். வைக்கிறேன் என்றேன். ஒவ்வொரு வாரமும் கேட்பார். "புத்தகம் இருக்குதுங்களா?"

மார்ச் 22, செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. நான் நான்கு மணிக்குப் போனபோது, பிரிக்காமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாந்தாமணி அண்ணியும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஏப்ரல் 11, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வர வேண்டும். கண்டிப்பாக வர வேண்டும். தாமதித்தால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை முழுவதும் போகக்கூடும். இவ்வளவுதான் அதில் இருந்தது. "முழுவதும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தீர்கள். நான் மனதுக்குள் இரண்டு முறை படித்தேன்.

"என்னுங்க பாலு போட்டிருக்குது?"

"அக்டோபர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். "அதுக்குள்ள சர்க்கரையக் கொறச்சுட்டு வரோணுமாமா."

நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆறேழு மாதம்தானே என்று நினைத்தேன். அதற்குள் அவர் அந்தப் பத்திரிகையை மறந்துவிடுவார், பிறகு நானே கூட்டிக்கொண்டு வருவேன் என்று நினைத்தேன். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள் என்றும் நினைத்தேன். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில்.

அவர் முகம் வாடியது. "பொறுத்ததோட பொறுத்தாச்சு, இன்னுங் கொஞ்ச நாள்தானுங்களே" என்றார். சாந்தாமணி அண்ணிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"பாலுண்ணா, நாமளே ஒருக்கா நேர்ல போயிக் கேட்டுப்போட்டு வரலாமுங்களா?"

"தேதியில்லாமப் போனா உள்ள உட மாட்டாங்க அண்ணி" என்றேன்.

இது இரண்டாவது. முதலில் சொன்னதைவிட இது சுலபமாக இருந்தது. கடிதத்தை அவர் வாங்கி, நீள நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 11ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டேகாலுக்கு மறுபடி பார்த்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆண்டிகுவாவில் லாரா முந்நூற்று எழுபத்தைந்து அடித்தார். முப்பத்தாறு வருடமாக நின்றிருந்த சோபர்ஸின் முந்நூற்று அறுபத்தைந்து போய்விட்டது. புதன்கிழமை செய்தித்தாளில் படம் வந்தது. சோபர்ஸ் மைதானத்துக்குள்ளேயே நடந்து வந்து அந்த இளைஞரை வாழ்த்துகிற படம். லட்சுமணசாமி செய்தித்தாளை வாங்கி, வலது கண்ணுக்கு ஒட்டிப் பிடித்தார். வெயில் படும்படி திரும்பி உட்கார்ந்தார். காகிதம் மூக்கில் உரசியது.

"ரெண்டு நெழலாட்டத் தெரியுதுங்க. இதுல எதுங்க சோபர்ஸு?"

நான் அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். அதைச் சரியாகத்தான் வைத்தேன், டாக்டர்.

"அவரே எறங்கி வந்தாருங்களா? யாரும் கூப்புடாம?"

"அவரே வந்திருக்காருங்ணா."

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, நோயாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. "தன்ற ரெக்கார்டு போகுதேன்னு ஊட்டுல உக்காந்துக்காம, வந்து கை குடுத்திருக்காரு பாருங்க. இப்பச் சொல்றனுங்க பாலு, அந்த ஆறு பேரு என்ன சொன்னாலுஞ் சரி, இவருதானுங்க பெரிய ஆளு. புத்தகத்த வெச்சிருக்கீங்கல்லோ? நான் படிச்சுப் பாத்தே தீரோணும்."

அன்று நான் சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள்தான் தாண்டியிருந்தது. மறுநாளே கூட்டி வந்திருந்தால் நீங்கள் திட்டிவிட்டுச் சிகிச்சை செய்திருப்பீர்கள். நான் அதை யோசித்தேன். நெடுநேரம் யோசித்தேன். பிறகு அடுத்த செய்தியைப் படித்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கண்ணுக்குள் கறுப்பு நூல் ஓடுகிறது என்றாராம். மதியத்துக்குள் எல்லாம் மூடிக்கொண்டது. சாந்தாமணி அண்ணி என் வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஆட்டோவில் உங்களிடம் கொண்டு வந்தோம். நீங்கள் விளக்கடித்துப் பார்த்தீர்கள், கேஸ் ஷீட் கட்டைப் புரட்டினீர்கள், பிறகு கேட்டீர்கள்.

"ஏப்ரல்ல வரச் சொல்லி லெட்டர் போட்டோமே. ஏன் வரலை?"

நான் சுவரோரமாக நின்றேன். அண்ணி, "ஏப்ரலுங்களா?" என்று ஆரம்பித்தார். லட்சுமணசாமி அவர் பக்கம் கையை நீட்டி நிறுத்தினார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் நிற்கும் இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அப்புறம் உங்கள் பக்கம் திரும்பினார்.

"கடுதாசி வந்துச்சுங்க டாக்டர். நாந்தானுங்க பயந்துட்டு வராம இருந்துட்டன். ஊட்லயும் சொல்லல."

அதைத்தான் நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதினீர்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதிர்ச்சியில் குழம்பியிருக்க வேண்டும். சர்க்கரை அதிகமானால் மறதி வரும் என்கிறார்கள்.

தேதியை முன்னால் மாற்றி இன்னொரு கடிதம் வந்ததாகவும், தபால்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறைத்ததாகவும் பஸ்ஸில் அண்ணியிடம் சொன்னார். அண்ணி அழுதுகொண்டே அவரைத் திட்டினார். "பச்சக் கொழந்தையா நீங்க? பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லப்படாதா?" இன்றைக்கும் திட்டுகிறார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுக்கிறார். லட்சுமணசாமி, "ஆமா அம்மணி, தப்புதான்" என்கிறார். நான் நடுவில் பேசுவதில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி காபி வைக்க உள்ளே போனார். லட்சுமணசாமி தடவித் தடவி நோட்டை எடுத்து, அதற்குள்ளிருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"பாலு, இத இன்னொருக்கா படிங்க."

நான் பிரித்தேன். அடிக்கோடு போட்ட இடம் அப்படியே இருந்தது. மார்ச் மாதம் எப்படிப் படித்தேனோ, சொல் மாறாமல் அப்படியே படித்தேன்.

"அக்டோபர்னே போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்ணா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"சரிங்க" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அந்தக் கடுதாசிய நீங்களே வெச்சுக்குங்க. எனக்கெதுக்கு" என்றார். வீட்டில் காகிதம் சேர வேண்டாம் என்று நினைத்திருப்பார். நோட்டையும் கொடுத்துவிட்டார். பத்திரிகையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

இப்போதும் தினமும் நான்கு மணிக்குப் போகிறேன். வெஸ்ட் இண்டீஸ் அணி வந்து ஆடிய டெஸ்ட் ஆட்டங்களை ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். கவாஸ்கர்தானே பெரிய ஆள் என்று கேட்டால், "நீங்க சொன்னாச் சரிங்க பாலு" என்கிறார். சோபர்ஸ் என்று மாற்றிச் சொன்னாலும், "நீங்க சொன்னாச் சரிங்க" என்கிறார். ஒருநாள் வேண்டுமென்றே, சோபர்ஸ் பந்தே வீசியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நாற்காலிப் பிடியில் இருந்த கையை மடிக்கு மாற்றிக்கொண்டு, "அப்படீங்களா" என்றார். இருபது வருடம் என்னோடு சண்டை போட்ட மனிதர். சில நாள் வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் பிரித்து, நானே இரண்டு பக்கமும் பேசிப் பார்க்கிறேன். அவர் பக்கம்தான் ஜெயிக்கிறது.

இதனுடன் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் "நோயாளி வரவில்லை" என்றிருப்பதை அடித்துவிட்டு, "நோயாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை, கடிதத்தை மறைத்தது சி. பாலுசாமி" என்று எழுதிக்கொள்ளுங்கள். போலீஸுக்குச் சொல்வதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே முகவரி கொடுத்திருக்கிறேன். நான்கு மணிக்கு மேல் மட்டும் வீட்டில் இருக்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை லட்சுமணசாமிக்குத் தெரிய விட்டுவிடாதீர்கள். அவருக்கு இதுவரை எதுவும் தெரியாது. தெரிந்தால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். அப்புறம் கண் தெரியாத மனிதருக்குப் படித்துக் காட்ட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
சி. பாலுசாமி
சிங்காநல்லூர்
டிசம்பர் 19, 1994